முப்பத்தைந்து கிலோ

நுவரெலியா வாவிக் கரையில் இருந்த அந்த மஞ்சள் பலகையை வாசித்துவிட்டுப் பூரணி அப்படியே நின்றுவிட்டாள்.

டயகமவிலிருந்து பாடசாலைச் சுற்றுலா வந்திருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் அன்னப் படகுகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூரணியின் கண் மட்டும் கரையோரப் பாதையில் போன நான்கு பேர்மீது இருந்தது. அவர்கள் நடக்கவில்லை, ஓடவும் இல்லை. ஆளுக்கொரு சிறிய மேடையில் நின்றபடியே வழுக்கிக்கொண்டு போனார்கள். மேடைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சக்கரம். பிடித்துக்கொள்ள நெஞ்சளவு உயரத்தில் ஒரு கைப்பிடி. அவ்வளவுதான்.

அந்த வண்டிக்குச் செக்வே என்று பெயர். பெயர் பலகையில் இருந்தது. பெயருக்குக் கீழே இருந்த தமிழ்தான் பூரணியை நகரவிடவில்லை.

"முன்னே செல்வதற்கு முன்னால் சாகவும். நிறுத்துவதற்குப் பின்னால் சாகவும். தலைக்கவசம் அணியாதவர்கள் ஏற்றப்படுவார்கள். சிறுவர்களைக் கையில் பிடித்து அடித்து வரவும்."

அவளுடைய வகுப்புத் தோழன் அஃப்ஹம் பின்னால் வந்து எட்டிப் பார்த்தான். வாசித்து முடித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"முன்னாலயும் சாகணும், பின்னாலயும் சாகணும். அப்ப எப்பதான் வீட்டுக்குப் போறது?"

வகுப்பே கூடிச் சிரித்தது. சிரித்து முடித்ததும் எல்லாரும் ஐஸ்கிறீம் வண்டியைத் தேடிப் போய்விட்டார்கள். பூரணிக்கு மட்டும் போக மனம் வரவில்லை. பல்லிடுக்கில் மாட்டிய தேங்காய்ப்பூ மாதிரி அந்தப் பலகை அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

புல்லில் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தாள். பலகையில் இருந்த பதினொரு வரிகளையும் திருத்தி, முத்து முத்தாக எழுதினாள். 'சாகவும்' என்பதை 'சாயவும்' என்று மாற்றினாள். 'ஏற்றப்படுவார்கள்' என்பதை 'ஏற்றப்படமாட்டார்கள்' ஆக்கினாள். 'அடித்து வரவும்' என்பது 'அழைத்து வரவும்' ஆயிற்று. ஒன்பதாவது வரியில் 'குறந்த பரம்' என்று இருந்ததை இப்படி எழுதினாள்: 'முப்பத்தைந்து கிலோவிற்குக் குறைந்த பாரமுள்ளவர்கள் ஏற வேண்டாம்.'

தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் இருந்த சிறிய கடைக்குப் போனாள். அங்கே நீல நிறத் தலைக்கவசத்தைத் துடைத்துக்கொண்டு ஓர் இளம்பெண் நின்றார். சட்டையில் 'வழிகாட்டி ஷாமிலா' என்று மூன்று மொழிகளிலும் இருந்தது. அதில் தமிழ் சரியாகத்தான் இருந்தது.

"அக்கா, உங்க போர்டுல பிழை இருக்கு. நான் சரியா எழுதியிருக்கேன்."

"பிழையா? எனக்குத் தமிழ் வாசிக்க ஏலாது தங்கச்சி. வீட்டுல பேசுறது தமிழ்தான், ஆனா படிச்சது எல்லாம் சிங்களத்துல. அந்த போர்டு கொழும்புல செஞ்சி வந்தது. அதுல என்னதான் இருக்கு, வாசிங்க பாப்போம்."

பூரணி வாசித்தாள். ஷாமிலா அக்கா கையிலிருந்த தலைக்கவசத்தைக் கீழே வைத்தார்.

"திருப்பி வாசிங்க."

பூரணி திரும்பவும் வாசித்தாள்.

"அல்லாவே. ரெண்டு மாசமா அதுக்குக் கீழ நின்னுதான் நான் எல்லாரையும் வாங்க வாங்கன்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார் ஷாமிலா அக்கா. பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தாளை வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பூரணியின் பெயரையும் பாடசாலையின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துப் பாடசாலைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. வகுப்பு டீச்சர் பூரணியை எழுப்பி நிற்க வைத்து விடயத்தைச் சொன்னார். வாவிக் கரையில் புதிய பலகை வைத்துவிட்டார்களாம். பூரணி எழுதியது எழுதியபடியே இருக்கிறதாம். அதற்கு நன்றியாக, அடுத்த ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிறு, பூரணி செக்வேயில் ஏறி வாவிக் கரையைச் சுற்றி வரலாம். முழுச் சுற்று. ஒரு செலவும் இல்லை. கூட ஒரு பெரியவர் வர வேண்டும்.

வகுப்பு கைதட்டியது. அஃப்ஹம் மட்டும் தட்டுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு அவளைக் கீழிருந்து மேல்வரை பார்த்தான்.

"பூரணி, நீ எத்தனை கிலோ?"

அப்போதுதான் அவளுக்கு ஒன்பதாவது வரி ஞாபகம் வந்தது.

அன்று மாலை இருவரும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஓடினார்கள். பெண்கள் எல்லாரும் கொழுந்தை நிறுத்துவிட்டு லயத்து வீடுகளுக்குப் போய்விட்டார்கள். கணக்கப்பிள்ளை சின்னராசா தராசைக் கழற்றப் போன நேரம்.

"மாமா, என்னையும் ஒருக்கா நிறுங்களேன்."

"உன்னைய எந்தப் பெக்டரிக்கு அனுப்புறது?" என்றார் சின்னராசா மாமா. ஆனாலும் கொழுந்துச் சாக்கு ஒன்றைக் கொக்கியில் மாட்டிக் கொடுத்தார். பூரணி அதற்குள் ஏறிக் குந்தினாள். தராசின் சிவப்பு எண்கள் ஓடி ஓடி நின்றன.

"முப்பத்து மூணு. கொழுந்துக்குக் கழிக்கிற மாதிரி ஈரத்துக்குக் கழிக்கவா?"

"கழிக்காதீங்க மாமா, தயவுசெஞ்சி" என்று சாக்குக்குள்ளிருந்து குரல் வந்தது.

இரண்டு கிலோ குறைகிறது. கையில் பன்னிரண்டு நாட்கள் இருக்கின்றன. பூரணி முடிவெடுத்துவிட்டாள்.

அன்றிரவு வழக்கமான இரண்டு ரொட்டிக்குப் பதிலாக நான்கு ரொட்டி சாப்பிட்டாள். காலையில் அவித்த கிழங்கைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அஃப்ஹம் தன் வாப்பாவின் கடையிலிருந்து தினமும் இரண்டு வாழைப்பழம் கொண்டுவந்தான். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே நின்று மேற்பார்வை செய்தான். விளையாட்டு நேரத்தில் அவளை ஓடவிடவில்லை.

"ஓடினா கரைஞ்சிருவ. குந்து."

"என்ன புள்ள, வயித்துல ஆடு கீடு வளக்கிறியா?" என்று கேட்டார் அவளுடைய அம்மா ஜீவராணி. அப்பா கொழும்பில் வேலை செய்தார். லயத்து வீட்டில் அம்மாவும் பூரணியும் மட்டும்தான். இரண்டு பேருக்கான மா இரண்டு நாள் முன்னதாகவே தீர்ந்துபோன காரணம் அம்மாவுக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை மாலை கடைசியாக நிறுத்தார்கள். முப்பத்து மூன்றரை.

"அவ்வளவு ரொட்டியும் எங்கதான் போச்சு?" என்று அஃப்ஹம் ஆச்சரியப்பட்டான். கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு ஆற்றோரம் இறங்கிப் போய் உருண்டையான இரண்டு கற்களோடு வந்தான்.

"உன்னோட ஜாக்கெட்டுல பெரிய பை ரெண்டு இருக்குல்ல? அவங்க ஆளைத்தானே நிறுப்பாங்க, பையைப் பாக்க மாட்டாங்க."

பூரணி கற்களைக் கையில் வாங்கினாள். அது சரியில்லை என்று உள்ளே ஏதோ சொன்னது. அந்த நான்கு பேர் வழுக்கிக்கொண்டு போன காட்சி அதைவிடச் சத்தமாக எதையோ சொன்னது. கற்களைப் பையில் போட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினார்கள். அம்மா தீபாவளிக்கு எடுத்த பச்சைச் சுரிதாரைப் போட்டிருந்தார். நுவரெலியாவுக்கு அவர் அதுவரை இரண்டு தடவைதான் போயிருக்கிறார். முதல் தடவை பூரணி பிறந்தபோது. அடுத்தது பூரணி கொய்யா மரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டபோது. இரண்டு தடவையும் ஆஸ்பத்திரிக்கு. வாவியைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

"ஏன் புள்ள ஒரு மாதிரி நடக்கிற?" என்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா கேட்டார். "காலு வலிக்குதா?"

"இல்லம்மா. குளிரு."

வாவிக் கரையில் புதிய பலகை பளபளத்தது. பூரணியின் பதினொரு வரிகளும் அவள் உள்ளங்கை அளவு எழுத்தில் நின்றன. அம்மா ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார்.

"இதெல்லாம் நீ எழுதினதா?"

பூரணி தலையாட்டினாள். அம்மா சுரிதார் துப்பட்டாவின் நுனியால், பலகையின் ஓரத்தில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துவிட்டார்.

ஷாமிலா அக்கா ஓடி வந்து பூரணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "இவங்கதான் எங்க போர்டு டீச்சர்" என்று அங்கிருந்தவர்களிடம் சொன்னார். அங்கே கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் நின்றது. அப்பா, அம்மா, எட்டு வயது மகன். மகனின் பெயர் தர்ஷன் என்பது அவன் அப்பா அவனை அதட்டியதில் தெரிந்தது.

"முதல்ல எல்லாரும் பாரம் பாத்துக்கங்க" என்றார் ஷாமிலா அக்கா.

பூரணி தராசில் ஏறினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மூச்சுக்குப் பாரம் உண்டா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது.

"முப்பத்தஞ்சரை. சரி, நீங்க ஏறலாம். அடுத்தது யாரு?"

இவ்வளவு சுலபமா என்று இருந்தது. பூரணி தலைக்கவசத்தை வாங்கி மாட்டிக்கொண்டாள். வாவித் தண்ணீரில் வெயில் பட்டு மினுங்கியது. கரையோரப் பாதை நேராக, சுத்தமாக, தூரத்து மரங்கள்வரை போனது. ஏறுவதற்கு இன்னும் பத்தே நிமிடம்.

அடுத்து தர்ஷன் ஏறினான். தராசு இருபத்தாறு காட்டியது.

"தம்பி, உங்களுக்கு இன்னும் கொஞ்சம் வளரணும்" என்றார் ஷாமிலா அக்கா.

தர்ஷன் தராசிலிருந்து இறங்கவில்லை. "அந்த அக்காவும் சின்னவங்கதானே. அவங்க மட்டும் போறாங்க."

"ஆமா மிஸ், இதுக்காகவே கொழும்புல இருந்து வந்தோம்" என்றார் அவன் அப்பா. "ஒரு சுற்றுத்தானே. கொஞ்சம் விட்டுக்குடுங்களேன்."

ஷாமிலா அக்கா தர்ஷனின் உயரத்துக்குக் குனிந்தார். "இங்க பாருங்க தம்பி. இதுல பிரேக் கிடையாது. நம்ம உடம்புதான் பிரேக். பின்னால சாஞ்சா நிக்கும். ஆனா லேசான ஆளு சாஞ்சா அது இதுக்குத் தெரியாது. நிக்காமப் போய்க்கிட்டே இருக்கும். அந்த வளைவுல தடுப்புக் கம்பி இல்ல, பாத்தீங்களா? நேரா வாவிக்குள்ளதான்." பிறகு நிமிர்ந்து தர்ஷனின் அப்பாவைப் பார்த்தார். "யாருக்காகவும் மாத்த மாட்டேன் சேர். இந்தத் தங்கச்சி முப்பத்தஞ்சுக்கு மேல இருக்கிறதாலதான் போறாங்க. அந்தச் சட்டத்தைத் தமிழ்ல எழுதினதே இவங்கதான். வேணும்னா கேட்டுப் பாருங்க."

எல்லாரும் பூரணியைப் பார்த்தார்கள்.

தர்ஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளிடம் வந்தான். "உண்மையாவா அக்கா? நிக்காதா?"

பூரணி பதில் சொல்ல நிமிர்ந்தாள். அவனுக்குப் பின்னால் பலகை தெரிந்தது. ஒன்பதாவது வரி. 'முப்பத்தைந்து' என்பதில் 'த்' விட்டுப்போய்விடக் கூடாது என்று அன்று இரண்டு தடவை சரிபார்த்தது ஞாபகம் வந்தது. எழுத்தை மட்டும்தான் சரிபார்த்திருக்கிறாள்.

வலது பையில் கையை விட்டாள். ஒரு கல். இடது பையில் கையை விட்டாள். இன்னொரு கல். இரண்டையும் ஷாமிலா அக்காவின் மேசையில் வைத்தாள். 'டொக், டொக்' என்று சத்தம் கேட்டது.

"நான் முப்பத்து மூணரைதான் அக்கா."

அம்மாவின் முகம் சிவந்துபோயிற்று. தர்ஷன் கற்களைக் கிட்டப் போய்ப் பார்த்தான்.

"கல்லு வச்சிக்கிட்டா நிக்காதா?" என்று கேட்டான். அவனுக்கு அது உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டிய விடயமாக இருந்தது.

"கல்லு சாயாது தம்பி. நம்ம பின்னால சாயும்போது அது பாட்டுக்குப் பையில தொங்கிக்கிட்டு இருக்கும்" என்றார் ஷாமிலா அக்கா. பூரணியின் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று பூரணி நினைத்தாள். அவர் தலைக்கவசத்தின் வாரை மெதுவாகக் கழற்றிவிட்டார். "எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா ஏத்த மாட்டேன்."

"தெரியும் அக்கா."

பூரணி தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் வந்தாயிற்று. அவளுக்கென்று ஒதுக்கிய செக்வே, வரிசையில் மூன்றாவதாக, சும்மா நின்றது. அதைச் சும்மா நிற்க விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதா?

அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். "வா புள்ள, போவோம். வந்ததுக்குக் கொஞ்சம் கடலை வாங்கித் தர்றேன்."

பூரணி அம்மாவைப் பார்த்தாள். பிறகு மூன்றாவது செக்வேயைப் பார்த்தாள்.

"அக்கா, என்னோட இடத்துல எங்கம்மா போகலாமா?"

"தாராளமா" என்றார் ஷாமிலா அக்கா.

"நானா? உனக்கு என்ன கிறுக்கா?" அம்மா இரண்டடி பின்னால் போனார். "அதுல நின்னு விழுந்து கைய காலை ஒடச்சிக்கிட்டா நாளைக்குக் கொழுந்தெடுக்க யாரு மலைக்குப் போறது? வா பேசாம."

"நீங்க விழ மாட்டீங்கம்மா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அது நியாயமான கேள்விதான். பூரணி யோசித்தாள். அம்மா தேயிலை மலையில் நிற்பதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஏழாம் நம்பர் மலை சுவர் மாதிரிச் செங்குத்தானது. மழை பெய்தால் நாய்கூட அதில் வழுக்கும்.

"அம்மா, ஏழாம் நம்பர்ல மழைக்குள்ள கொழுந்து எடுக்கிறப்போ எப்படி நிப்பீங்க?"

"அது வேற புள்ள."

"எப்படி நிப்பீங்க? ஒருக்கா நின்னு காட்டுங்களேன்."

"இங்கயா? எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும்மா. ஒரே ஒருக்கா."

அவள் விடமாட்டாள் என்பது அம்மாவுக்குத் தெரியும். பெருமூச்சு விட்டபடி பையைக் கீழே வைத்தார். கால்களைக் கொஞ்சம் அகட்டினார். முழங்காலை லேசாக மடக்கினார். முதுகில் கூடை இருப்பதுபோல உடம்பு தானாகவே ஒரு பக்கம் அமர்ந்து நிலைத்தது. கைகள் மட்டும் முன்னால் பரபரவென்று இல்லாத கொழுந்தைக் கிள்ளின. கால் பதிந்த இடத்திலேயே இருந்தது.

ஷாமிலா அக்கா கிட்ட வந்து அம்மாவின் முழங்காலைப் பார்த்தார். பாதத்தைப் பார்த்தார்.

"இதைத்தான் நான் ஒவ்வொரு ஆளுக்கும் அரை மணித்தியாலம் சொல்லிக் குடுக்கிறேன்" என்றார். "அக்கா, நீங்க எத்தனை வருஷமா இப்படி நிக்கிறீங்க?"

"பதினஞ்சு வருஷம்" என்றார் அம்மா. சொல்லிவிட்டு, அந்த எண்ணைத் தானே முதன்முறையாகக் கேட்டவர்போல நின்றார்.

"பதினஞ்சு வருஷமா விழுந்திருக்கீங்களா?"

"ஒரு தடவை. அதுவும் அட்டை கடிச்சி."

"இங்க அட்டை இல்லம்மா" என்றாள் பூரணி.

தர்ஷன் சிரித்தான். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பூரணி தலைக்கவசத்தை அம்மாவின் தலையில் வைத்துவிட்டாள். அம்மா காலில் இருந்தது ரப்பர் செருப்பு. பலகையின் ஐந்தாவது வரிப்படி அதுவும் கூடாது. ஷாமிலா அக்கா உள்ளே போய்த் தன்னுடைய பழைய சப்பாத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மாவின் துப்பட்டாவைக் கழற்றிப் பூரணியின் கழுத்தில் சுற்றிவிட்டார்.

அம்மா தராசில் நாற்பத்தெட்டு.

ஒரு காலை வைத்தார். மறு காலையும் வைத்தார். மேடை ஒருமுறை ஆடியது. அம்மாவின் முழங்கால் அதற்கேற்ப மடங்கியது. ஆட்டம் நின்றது.

"இப்ப லேசா முன்னால சாயுங்க அக்கா. கூடையை எறக்கி வைக்கப் போற மாதிரி."

செக்வே நகர்ந்தது. பயிற்சி வட்டத்தை அம்மா ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்னால் சாய்ந்தார். அது சொன்ன பேச்சுக் கேட்டு நின்றது. பக்கத்தில் தர்ஷனின் அப்பா இன்னும் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். அவருடைய செக்வே ஒரே இடத்தில் நின்றபடி சுழன்றுகொண்டிருந்தது.

*

சுற்றுலா புறப்பட்டது. முன்னால் ஷாமிலா அக்கா, அவருக்குப் பின்னால் அம்மா, அதற்குப் பின்னால் தர்ஷனின் அப்பா. தர்ஷனின் அம்மா படம் எடுப்பதற்காகக் கரையிலேயே இருந்துவிட்டார்.

தர்ஷன் புல்லில் காலால் கோடு கிழித்துக்கொண்டு நின்றான். பூரணிக்கு அவனுடைய மனம் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அவளுக்கும் நெஞ்சு கனத்துக்கொண்டுதான் இருந்தது.

"தர்ஷன், ஓடுவியா?"

"ஓடுவேன். எங்க?"

"அவங்களுக்கு முன்னால. பாதையில என்ன கிடக்குன்னு பாத்துச் சொல்ல ஆள் வேணாமா?"

தர்ஷன் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. இருவரும் புல்வெளி வழியாக ஓடி வரிசையைத் தாண்டினார்கள். செக்வே அன்று மெதுவாகத்தான் போனது, ஓடும் பிள்ளைகளுக்கு அது ஈடாகவில்லை.

"வலது பக்கம் தண்ணி தேங்கியிருக்கு" என்று பூரணி கத்தினாள்.

"முன்னுக்கு ஒரு குட்டி நாய்" என்று தர்ஷன் கத்தினான்.

வாவிக் கரையில் குதிரைச் சவாரியும் உண்டு. சவாரி போன குதிரைகள் பாதையில் விட்டுச் சென்றதைத் தர்ஷன்தான் முதலில் கண்டான்.

"குதிரைச் சாணம், குதிரைச் சாணம், இடது பக்கம்" என்று துள்ளித் துள்ளி அறிவித்தான்.

ஷாமிலா அக்கா விலகிப் போனார். அம்மா விலகிப் போனார். தர்ஷனின் அப்பா அதன்மேலேயே நேராக ஏறிப் போனார்.

"அப்பா, சொன்னேன்தானே?" என்றான் தர்ஷன், மிகுந்த திருப்தியோடு.

வளைவு வந்தது. தடுப்புக் கம்பி இல்லாத இடம். ஒரு பக்கம் பாதையின் விளிம்போடு வாவித் தண்ணீர். பூரணி ஓடுவதை நிறுத்திவிட்டாள். தான்தானே அம்மாவை ஏற்றிவிட்டோம் என்ற நினைப்பு அப்போதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது. அம்மா விழுந்தால்? நாளைக்கு மலைக்குப் போக முடியாமல் போனால்?

அம்மா தண்ணீரைப் பார்க்கவில்லை. வளைவையும் பார்க்கவில்லை. முகத்தை நிமிர்த்தி, வாவிக்கு அப்பால் இருந்த மலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். காற்று அவர் நெற்றி முடியைத் தூக்கிப் பின்னால் தள்ளியது. உடம்பு வளைவோடு சேர்ந்து வளைந்தது. அவ்வளவுதான், வளைவு முடிந்துவிட்டது.

பூரணியைக் கடந்து போகும்போது அம்மா அவளைப் பார்த்தார். அம்மாவின் முகத்தை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. வகுப்பில் கடைசி மணி அடித்ததும் பிள்ளைகளின் முகம் இருக்குமே, அப்படி இருந்தது.

"பூரணி, இங்க இருந்து பாத்தா எல்லாம் உசரமா தெரியுது" என்றார். பிறகு முன்னால் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஷாமிலா, இன்னும் கொஞ்சம் வேகமாப் போக ஏலாதா?"

"ஏலாது அக்கா. பின்னால வர்ற சேர் பாவம்."

பூரணி சிரித்துக்கொண்டே மறுபடியும் ஓடினாள். நெஞ்சில் இருந்த கனம் எங்கே விழுந்தது என்று அவள் பார்க்கவில்லை.

சுற்று முடிந்து அம்மா இறங்கியதும் அவர் கால்கள் நடக்க மறந்ததுபோல இரண்டடி தடுமாறின. சப்பாத்தைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். தலைக்கவசத்தைக் கொடுக்கும்போது கொஞ்சம் தயங்கினார்.

"ஷாமிலா, இவ அடுத்த வருஷம் வளந்திருவா. அப்ப நாங்க வருவோம். ரெண்டு பேரும் ஏறுவோம்."

"வாங்க அக்கா. வர்றதுக்கு முன்னால எனக்கு போன்ல ஒரு கோல் எடுங்க. பூரணிக்கு நானே சொல்லிக் குடுக்கிறேன்."

"நீங்க வேணாம்" என்றாள் பூரணி. "எங்கம்மாவே சொல்லித் தருவாங்க."

மாலைப் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. லிந்துலை தாண்டியதும் முன் இருக்கையில் இருந்த ஒருவர் இறங்குவதற்காக எழுந்தார். "வாங்க தங்கச்சி, இதுல இருங்க" என்று அம்மாவைக் கூப்பிட்டார். மற்ற நாளாக இருந்தால் அம்மா அந்த இருக்கையை விடவே மாட்டார்.

"பரவாயில்லண்ணே. வேற யாருக்காவது குடுங்க. நான் நின்னுக்கிட்டே வர்றேன்."

பஸ் மலையில் ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அம்மா இரண்டு கையையும் விட்டுவிட்டு நின்றார். பூரணி அம்மாவின் முழங்காலைக் கவனித்தாள். தன் முழங்காலையும் அதேபோலக் கொஞ்சம் மடக்கினாள். பிடித்திருந்த கம்பியிலிருந்து ஒரு விரலை எடுத்தாள். பிறகு இன்னொரு விரலை. பிறகு முழுக் கையையும்.

கண்டக்டர் நெரிசலுக்குள் தலையை நீட்டி இருவரையும் பார்த்தார்.

"அக்கா, கம்பியைப் புடிச்சிக்குங்க. அடுத்தது பெரிய வளைவு."

"வரட்டும்" என்றார் அம்மா.